உப்பில்லாப் படையலுக்கு யார் நட்சத்திரம் போடுவது?

மன்னார்குடி பக்கத்திலிருந்து சிங்கப்பூர் போய் ஆறு வருடமாக வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “சாப்பாட்டுக் கடைகளுக்கு நட்சத்திரம் கொடுக்கும் மிஷெலின் வழிகாட்டியின் இந்த வருடப் பட்டியல் வந்த அன்று எங்கள் அறையில் எட்டுப் பேருக்கும் ராத்திரி வரை சண்டை. ஞாயிற்றுக்கிழமைதோறும் லிட்டில் இந்தியாவில், தேக்காவில் நாங்கள் சாப்பிடும் கடை அதில் இல்லை. எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் சுமாரான நூடுல்ஸ் கடை இருக்கிறது. ஊருக்குப் போன் செய்தால் அப்பா, ‘டயர் கம்பெனிக்காரன் சோத்துக்கு மார்க் போடுறானா? கும்பகோணம் காபிக்குப் போட்டானா?’ என்கிறார். இவர்கள் யார், எப்படிப் பொறுக்குகிறார்கள், நம் டெல்டா சாப்பாடு ஏன் எதிலும் இல்லை?”

தம்பி, நான் சிங்கப்பூரில் ஒன்பது வருடம் ஒரு பெரிய ஓட்டல் அடுப்படியில் இருந்தவன். வெங்காயம் உரிக்கச் சேர்ந்து தந்தூரி அடுப்பு வரைக்கும் போனேன். 2016-ல் அந்த வழிகாட்டி முதல்முதலாக அங்கே வந்தபோது எங்கள் செஃப் மூன்று வாரம் தூங்கவில்லை. இப்போது கும்பகோணத்துப் பக்கம் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறேன். அதனால் இரண்டு பக்கத்துக்கும் கொஞ்சம் பதில் சொல்ல முடியும்.

அப்பா கேட்டது நியாயமான கேள்வி. ஆரம்பத்தில் அது டயர் விற்கும் தந்திரம்தான். ஆந்த்ரே, எதுவார் என்று மிஷெலின் சகோதரர்கள் இரண்டு பேர், பிரான்ஸில் கிளெர்மோன்-ஃபெரான் என்ற ஊரில் டயர் கம்பெனி நடத்தினார்கள். அப்போது அந்த நாட்டிலேயே மொத்தம் மூவாயிரம் கார்கூட இல்லை. கார் வைத்திருப்பவன் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் டயர் எப்படித் தேயும்? அதனால் 1900-ல் 35,000 பிரதி அச்சடித்து இலவசமாகக் கொடுத்தார்கள். பெட்ரோல் எங்கே கிடைக்கும், டயர் எப்படி மாற்றுவது, எங்கே படுக்கலாம், எங்கே சாப்பிடலாம், இவ்வளவுதான் அதில். ஒரு ஒர்க்‌ஷாப்பில் மேசைக்காலுக்கு அந்தப் புத்தகத்தை முட்டுக் கொடுத்திருந்ததை ஆந்த்ரே பார்த்துவிட்டார், சும்மா கொடுப்பதற்கு மரியாதை இல்லை என்று 1920 முதல் ஏழு பிராங்க் விலை வைத்தார்கள் என்று கம்பெனியே கதை சொல்கிறது. நட்சத்திரம் வந்தது 1926-ல். ஒன்று, இரண்டு, மூன்று என்று பிரித்தது 1931-ல். எது எதற்கு என்று வெளிப்படையாகச் சொன்னது 1936-ல்.

நம் மாநிலத்திலேயே திருவள்ளூர் மாவட்டம் தேர்வாய் கண்டிகையில் அவர்களுக்கு டயர் ஆலை இருக்கிறது. டயர் இங்கே வந்துவிட்டது, நட்சத்திரம்தான் வரவில்லை. அது ஏன் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

அந்த நட்சத்திரங்களின் பொருளைப் பார்த்தால் அப்பாவுக்குக் கோபம் குறையும். எல்லாமே வழிப்பயணக் கணக்கு. ஒன்று என்றால், போகிற வழியில் இருந்தால் நிறுத்திச் சாப்பிடு. இரண்டு என்றால், பாதையை விட்டு விலகியாவது போ. மூன்று என்றால், இதற்காகவே ஊரிலிருந்து கிளம்பு. நம்மூர்ப் பெரியவர்கள் காலங்காலமாகப் பஸ்ஸில் சொல்லி வருவது வேறென்ன? “தஞ்சாவூரில் பஸ் மாறினால் சந்திரகலா வாங்காமல் வராதே” என்பது ஒரு நட்சத்திரம். “அப்படியே திருவையாறு போய் அசோகா வாங்கிக்கொண்டு வா, என்ன ஒரு அரை மணி நேரம்” என்பது இரண்டு. என் மாமனார் சிதம்பரத்துக்குப் போவதே சம்பா சாதத்துக்கும் கத்திரிக்காய் கொத்சுக்கும்தான், நடராஜர் தரிசனம் கூடச் சேர்ந்து கிடைக்கும். அவர் காதில் விழாமல் சொல்கிறேன், அது மூன்று.

சரி, எப்படிப் பொறுக்குகிறார்கள்? சம்பளத்துக்கு வேலை செய்யும் ஆய்வாளர்கள் அவர்களுக்கு இருக்கிறார்கள். பெயர் சொல்லாமல் வருவார்கள், சாப்பிட்டதற்குக் காசு கொடுத்துவிட்டுப் போவார்கள். ஒருவர் தின்றுவிட்டு முடிவு செய்வதில்லை, பல பேர் பல நாள் சாப்பிட்டுவிட்டுக் கூடிப் பேசி முடிவெடுக்கிறார்கள். பார்ப்பது ஐந்து விஷயம்: பொருளின் தரம், சமைக்கும் கைப்பக்குவம், சுவைகள் ஒன்றோடொன்று சேர்ந்து நிற்பது, சமைப்பவருடைய தனி முத்திரை, கடைசியாக, என்றைக்குப் போனாலும் எதைக் கேட்டாலும் அதே தரம். மேசை விரிப்பு, ஏசி, சப்ளையர் குனிந்து வணங்குவது இதெல்லாம் நட்சத்திரக் கணக்கில் கிடையாது என்பது அவர்கள் வாக்கு. நட்சத்திரமும் கடைக்குத்தான், சமைத்தவருக்கு இல்லை. மாஸ்டர் வேறு கடைக்குப் போனால் அதைக் கூடவே மூட்டை கட்டிக்கொண்டு போக முடியாது.

உங்கள் நூடுல்ஸ் கடைக்குக் கிடைத்தது நட்சத்திரமாக இருக்காது, பிப் குர்மாண்டாக இருக்கும் என்று நினைக்கிறேன். கதவில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். அந்தக் கம்பெனியின் சின்னமான டயர் மனிதன் நாக்கைச் சப்புக்கொட்டுகிற படமாக இருந்தால் அதுதான். 1997-ல் கொண்டுவந்தார்கள். குறைந்த காசுக்கு நல்ல சாப்பாடு என்று பொருள். சிங்கப்பூரில் அதற்கு ஆளுக்கு 45 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், என்று வரம்பு வைத்திருந்தார்கள். ஆக உங்கள் அறையில் நடந்த சண்டையில் பாதிப் பேர் ஒரு பரிசைப் பற்றியும் மீதிப் பேர் இன்னொரு பரிசைப் பற்றியும் பேசியிருக்கலாம். எங்கள் ஓட்டலிலும் அப்படித்தான் நடந்தது.

இனி உங்கள் தேக்கா கடை. அது எந்தக் கடை என்று எனக்குத் தெரியாது, அதனால் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு சோதனை செய்து பாருங்கள். அந்தக் கடையின் மெனு அட்டையில் எத்தனை ஐட்டம் என்று எண்ணுங்கள். இட்லி தோசை ஒரு பக்கம், சாப்பாடு ஒரு பக்கம், நான், பட்டர் சிக்கன், ஃபிரைட் ரைஸ், கோபி மஞ்சூரியன், மீன் தலைக் கறி, பலூடா என்று நூறைத் தாண்டும். ஐந்தாவது விதியை நினைத்துக்கொள்ளுங்கள். எதைக் கேட்டாலும் அதே தரம். நூறு ஐட்டம் வைத்திருக்கிறவன் நூறு பரீட்சை எழுத வேண்டும். 2016-ல் நட்சத்திரம் வாங்கிய சைனாடவுன் ஹாக்கர் கடை, அதாவது தெருச்சாப்பாட்டுக் கடை, சோயா சாஸ் கோழிச் சோறு போட்டது. அப்போது ஒரு தட்டு இரண்டு வெள்ளிக்கு அருகில்தான். கடைக்காரர் சான் ஹோன் மெங் பல வருடமாகப் பெரும்பாலும் அந்தக் கோழியைத்தான் கையில் பிடித்திருந்தார். நட்சத்திரம் வந்ததும் கிளைகள் திறந்தார், வெளிநாட்டிலும் திறந்தார். 2021-ல் நட்சத்திரம் போய்விட்டது. காரணத்தை அவர்கள் சொல்வதில்லை. ஆனால் அடுப்படியில் இருந்தவன் எவனுக்கும் அது புரியும்.

இதையே நம்மூரில் வேறு வார்த்தையில் சொல்வோம்: “மாஸ்டர் மாறிட்டாரு.” கும்பகோணத்தில் பெரிய கடைத்தெருவில் நின்றுகொண்டு ஒரு ஓட்டலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், மூன்று பேரில் ஒருவராவது இதைச் சொல்வார். டெல்டாவில் ஒரு கடையின் நட்சத்திரம் பிடுங்கப்படுவது இந்த இரண்டு சொல்லில்தான். அது பெரும்பாலும் உண்மையும்கூட. சரக்கு மாஸ்டர் திருப்பூருக்கோ துபாய்க்கோ போய்விடுகிறார், கூட வேலை செய்த பையன் கரண்டியைப் பிடிக்கிறான், சாம்பாரில் பெருங்காயம் முந்துகிறது. எழுதி வைத்த அளவு எங்கும் கிடையாது. “ஒரு கை”, “ஒரு கொத்து”, “கண்ணளவு”. கையும் கண்ணும் அந்த ஆளோடு பஸ் ஏறிவிடுகின்றன.

காபியையே எடுத்துக்கொள்வோம், அப்பா கேட்டாரே. காலை ஆறு மணிக்கு நல்ல கடையில் முதல் டிகாஷன் இறங்கும். பால் அப்போதுதான் கறந்து வந்து ஒரே கொதியில் இருக்கும். கேட்ட பிறகு கலந்து டபராவில் ஆற்றித் தருவார்கள். அதற்கு நட்சத்திரம் கொடுக்காதவன் நாக்கே இல்லாதவன் என்று நானும் சொல்வேன். அதே கடைக்குப் பதினொரு மணிக்குப் போங்கள். அதே பில்டரில் இரண்டாவது தண்ணீர் ஊற்றியிருப்பார்கள், பால் நாலாவது தரம் கொதித்து ஆடை வழித்ததாக இருக்கும். பெயர் தெரியாமல் வரும் ஆய்வாளர் ஆறு மணிக்குத்தான் வருவார் என்று யார் உத்தரவாதம்?

டிகிரி காபி என்கிறோமே, அந்த ‘டிகிரி’ என்ற சொல்லுக்கே பல விளக்கம் இருக்கிறது. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் பால்மானியின் டிகிரி என்பார்கள். முதல் டிகாஷன் என்பதால் முதல் டிகிரி என்பவர்களும் உண்டு. எது சரியென்றாலும் அது ஒரு தரச்சோதனையின் பெயராகத்தான் பிறந்திருக்கிறது. பிறகு என்ன ஆயிற்று? நெடுஞ்சாலை முழுக்க ‘கும்பகோணம் டிகிரி காபி’ என்று போர்டு, வாசலில் பித்தளை டபரா அடுக்கு. திருச்சியிலிருந்து சென்னை போவதற்குள் எத்தனை என்று என் பையன் ஒருமுறை எண்ண ஆரம்பித்து விழுப்புரத்தில் விட்டுவிட்டான். கும்பகோணத்துக்கும் அந்தக் கடைகளில் பலவற்றுக்கும் போர்டு எழுதிய பெயிண்டைத் தவிர வேறு சம்பந்தமில்லை. கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு வந்துவிட்டது. அந்தப் பெயரில் வேறு ஊர் வெற்றிலையை விற்றால் கேட்க ஒரு சட்டம் இருக்கிறது. காபிக்குக் கேட்பாரில்லை.

இப்போது பணம். இதைச் சொல்லாமல் யாரும் முழுப் பதில் சொல்லிவிட முடியாது. அந்தப் புத்தகம் எல்லா ஊருக்கும் தானாக வருவதில்லை. டயர் விற்கிற லாபத்தில் ஐரோப்பாவில் நடத்திக்கொண்டிருந்த காலம் வேறு. ஆசியாவில் பல நாடுகளுக்கு அந்தந்த நாட்டுச் சுற்றுலா வாரியம் துணை நின்றதால்தான் வந்தது. சிங்கப்பூரில் சுற்றுலா வாரியம் பங்காளி. தாய்லாந்து ஐந்து வருடத்துக்கு 144 மில்லியன் பாட் ஒதுக்கியது. வாரியம் காசு கொடுப்பதால் தேர்வில் தலையிட முடியாது, ஆய்வாளர்கள் தனி என்று கம்பெனி சொல்கிறது. அதை நம்புகிறேனா என்று கேட்டால், எந்தக் கடைக்கு எத்தனை என்பதில் பெரும்பாலும் நம்புகிறேன். ஆனால் எந்த ஊருக்கு வருவது என்பதே முதல் தேர்வு. அதில் பணம் பேசத்தான் செய்கிறது. இந்தியாவில் உணவகங்களுக்கு அந்த வழிகாட்டி வந்ததில்லை. கும்பகோணத்தை அவர்கள் ருசி பார்த்து ஒதுக்கிவிட்டார்கள் என்று அப்பா நினைத்தால், அதற்கு அவர்கள் இந்தப் பக்கம் பரீட்சை வைக்க வந்திருக்க வேண்டும்.

பிரான்ஸிலேயே இவர்கள் மேல் புகார் இல்லாமல் இல்லை. 2004-ல் முன்னாள் ஆய்வாளர் ஒருவர், வெளியே நினைப்பதைவிட மிகக் குறைவான ஆட்களை வைத்துத்தான் வேலை நடக்கிறது என்று போட்டு உடைத்தார். 2019-ல் மார்க் வேரா என்ற சமையல்காரர் மூன்றாவது நட்சத்திரம் போனதற்காகக் கோர்ட்டுக்கே போனார். தன் சூஃப்லே என்ற முட்டைப் பலகாரத்தில் செடார் சீஸ் போட்டதாக ஆய்வாளர் தவறாக நினைத்துவிட்டார் என்பது அவர் வழக்கு. தோற்றுவிட்டார். செடார் விவகாரத்தைப் படித்தபோது எனக்கு நம்மூர்ச் சம்பந்தி வீட்டார்தான் ஞாபகம் வந்தார்கள். “வத்தக்குழம்பில் வெல்லம் போட்டிருக்கிறீர்கள்” என்று ஒருவர் சொல்ல, இல்லை என்று நான் சத்தியம் செய்ய, கடைசியில் தாலி கட்டுகிற நேரம் வந்துதான் என்னைக் காப்பாற்றியது.

பாங்காக்கில் ஜெய் ஃபாய் என்ற அம்மா கண்ணாடி மாட்டிக்கொண்டு கரி அடுப்பில் நண்டு ஆம்லெட் போடுகிறார். 2017 கடைசியில் நட்சத்திரம் வந்தது. வந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு, திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று இருக்கிறது என்று அவரே சொன்னார். சாப்பிட வருகிறவர்களைவிட போட்டோ எடுக்க வருகிறவர்கள் அதிகம் என்றால் வேறென்ன சொல்வார்?

இவ்வளவையும் ஒதுக்கிவிட்டு, நாளைக்கே தமிழ்நாட்டுச் சுற்றுலாத்துறை காசு கட்டி, ஆய்வாளர்கள் தஞ்சாவூரில் வந்து இறங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். என்ன கிடைக்கும்? பத்துப் பதினைந்து பிப் குர்மாண்ட் கட்டாயம் கிடைக்கும். கும்பகோணம் கடப்பாவுக்கு ஒன்று, அதுவும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தால். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் தேங்காயும் சோம்பும் சேர்ந்த அந்தக் குழம்பைச் சில ஓட்டல்களில் அன்றைக்கு மட்டும்தான் வைப்பார்கள். நாகூரில் இறால் வைத்துப் பொரிக்கும் வாடாவுக்கு ஒன்று. ஆனால் நட்சத்திரம் என்று வரும்போது ஒரு பெரிய சிக்கல். எங்கள் பகுதியின் மிக நல்ல சமையல் விற்பனைக்கு இல்லை.

தோக்கியோவில் ஜிரோ என்ற பெரியவரின் சுஷிக் கடை மூன்று நட்சத்திரத்தோடு இருந்தது. 2019 இறுதியில் வெளியான பட்டியலில் அதை எடுத்துவிட்டார்கள். ருசி குறைந்ததால் அல்ல. பொதுமக்கள் யாரும் நேராக இடம் பிடிக்க முடியவில்லை, ஆள் மூலமாகத்தான் போக முடிகிறது, அப்படியென்றால் அது எங்கள் கணக்கில் வராது என்றார்கள். இதை வைத்து நம்மூரைப் பாருங்கள். டெல்டாவில் ஒரு சமையல்காரர் தன் முழு வித்தையையும் காட்டுவது கல்யாணப் பந்தியில். கோட்டை அடுப்பு வெட்டி, விறகு அடுக்கி, ராத்திரி இரண்டு மணிக்கு அண்டா ஏற்றி, ஆயிரம் பேருக்கு ஒரே ரசம். பத்திரிகை இல்லாமல் அங்கே உட்கார முடியாது. ஆய்வாளர் கல்லாவைத் தேடினால் அங்கே மொய் எழுதுகிறவர்தான் உட்கார்ந்திருப்பார்.

எங்களுக்கும் ஆய்வாளர்கள் இல்லாமல் இல்லை. அவர்கள் கைகழுவும் இடத்தில் நிற்பார்கள். வாயைக் கொப்பளித்துவிட்டு, துண்டால் துடைத்துக்கொண்டு, எதிரே இருப்பவரிடம் “ரசம் பரவாயில்லை” என்பார்கள். தஞ்சாவூர் ஜில்லாவில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. “இலை போட்டதெல்லாம் நல்லாத்தான் இருந்தது” என்று சொன்னால் சமையல் தோற்றுவிட்டது என்று பொருள். எனக்கு அந்த ‘ரசம் பரவாயில்லை’ மூன்று முறை கிடைத்திருக்கிறது. ஒருமுறை நானே என் காதால் கேட்டேன், தொட்டிக்குப் பின்னால் குந்திப் பாத்திரம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் கோயில். திருக்கண்ணபுரத்தில் ராத்திரி படைக்கும் முனியோதரன் பொங்கலை வரிசையில் நின்று கையில் வாங்கித்தான் தின்ன முடியும், மேசை கிடையாது. திருநாகேஸ்வரத்துப் பக்கம் ஒப்பிலியப்பன் கோயிலுக்குப் போனால் படையலில் உப்பே இருக்காது. பூமாதேவி சின்னப் பெண், உப்புப் போட்டுச் சமைக்கத் தெரியாது என்று தகப்பனார் மார்க்கண்டேயர் சொன்னாராம். உப்பில்லாமலே சாப்பிடுகிறேன், பெண்ணைக் கொடுங்கள் என்று பெருமாள் கேட்டாராம். அந்தப் புளியோதரையைக் கும்பகோணத்துக்காரர்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிடுவார்கள். ஒரு குறையும் தெரியாது, எனக்கும் தெரிந்ததில்லை. கைப்பக்குவம், சுவைகள் சேர்ந்து நிற்பது என்ற இரண்டாவது விதியும் மூன்றாவது விதியும் தெரிந்த ஆய்வாளர் அதை வாயில் போட்டுவிட்டு நோட்டில் என்ன எழுதுவார்? அந்த ருசி இருப்பது கதையில், கூட்டத்தில், வெறுங்காலில் கல்தரைச் சூட்டில். அதற்கு அவர்களிடம் கட்டம் இல்லை. அது அவர்கள் குற்றமும் இல்லை.

இங்கே வரைக்கும் எழுதிவிட்டு, ஒரு காபி குடிக்கப் போனேன். அங்கே நாலு பேரிடம், “நம்ம ஊர்ச் சாப்பாட்டுக்கு ஒரு பட்டியல் போட்டால் எதெல்லாம் வரும்?” என்று கேட்டேன். காபி, அசோகா, கடப்பா, ரசவாங்கி, வத்தக்குழம்பு, தவல அடை, புளியோதரை. ஒருவர் நாகூர் என்றார், முத்துப்பேட்டைப் பரோட்டா என்றார். பத்து நிமிடம் பேசினோம். வயல் நண்டு என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. நத்தை என்று வரவில்லை. கோடையில் குளம் வற்றும்போது பிடிக்கும் விரால், சேற்றில் கிடைக்கும் கெளுத்தி, கருவாட்டுக்குழம்பு, பழைய சோற்றுக்குச் சுட்ட கருவாடு, ஒன்றும் வரவில்லை. என் வாயிலும் வரவில்லை தம்பி, நான்தான் கேள்வி கேட்டவன். இந்த மண்ணில் நாற்று நட்டவர்களும் அறுத்தவர்களும் தின்றது என்ன என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

உங்களுக்குத் தெரிந்திருக்கலாம், நியூயார்க்கில் ‘செம்ம’ என்று ஒரு தமிழ்நாட்டுச் சாப்பாட்டுக் கடை. அங்கே செஃப் விஜய் குமார், நத்தம் பக்கத்துக் கிராமத்துக்காரர். 2022-ல் மிஷெலின் நட்சத்திரம் வந்தது. 2025-ல் சமையலுக்கான அமெரிக்காவின் ஜேம்ஸ் பியர்டு விருதை வேட்டி கட்டிக்கொண்டு போய் வாங்கினார். அந்தக் கடையில் பேர் வாங்கிய ஐட்டம் என்ன தெரியுமா? நத்தைப் பிரட்டல். சின்ன வயதில் வயலில் பொறுக்கிச் சாப்பிட்டது, அதைச் சொல்ல அப்போது கூச்சமாக இருந்தது என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஏழைச் சாப்பாடு, பணக்காரச் சாப்பாடு என்று ஒன்று கிடையாது என்று விருது மேடையிலேயே சொன்னார்.

அந்தச் செய்தி வந்த வாரம் என்னிடம் வேலை செய்யும் ஒரு பையன், கொரடாச்சேரிப் பக்கம், போனைக் காட்டி, “அண்ணே, இது எங்க வீட்ல செய்றதுதான்” என்றான். ஏழு வருடமாக என் கூட இருக்கிறான். எத்தனையோ ராத்திரி அண்டா பக்கத்தில் படுத்துக்கொண்டு ஊர்ச் சாப்பாட்டுக் கதை பேசியிருக்கிறோம். அதுவரை அவன் அதைச் சொன்னதில்லை. எங்கள் தெருவில் நான் சின்னப் பையனாக இருந்தபோது நத்தை என்று சொன்னாலே மூக்கைச் சுளிப்பார்கள். யார் வீட்டில் வேகிறது என்று எல்லோருக்கும் தெரியும், யாருக்கும் தெரியாத மாதிரி இருப்பார்கள். மழை விட்ட பிறகு வரப்போரம் பொறுக்கி, ஒரு ராத்திரி தண்ணீரில் போட்டு வைத்து, அலசி, வேகவைத்து, ஊசியால் சதையை எடுத்து, மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வதக்குவார்கள் என்று அந்தப் பையன் சொல்லித்தான் நான் முழுசாகக் கேட்டேன். மூல நோய்க்கு நல்லது என்று மருந்து மாதிரிச் சொன்னால் மட்டும் மற்ற தெருக்காரர்களும் வாங்கிச் சாப்பிட்டார்களாம்.

இந்தப் பட்டியலில் நம்மை விட்டுவிட்டார்கள் என்று நாம் பேசும்போது எனக்கு அந்தப் பையன் முகம்தான் வருகிறது. கல்யாண மெனு எழுதும் நோட்டு என் கையில்தான் இருக்கிறது. முப்பத்திரண்டு வகை போடுவேன். சைவக் கல்யாணத்துக்கு நத்தையைப் போட முடியாது, சரி. ஆனால் அசைவ விருந்தும் மாதம் நாலைந்து எடுக்கிறேன். அதிலும் மட்டன் பிரியாணி, சிக்கன் 65, வஞ்சிரம் வறுவல். வஞ்சிரம் கடலில் கிடைப்பது, கிலோ ஆயிரத்தைத் தாண்டும் நாளும் உண்டு, அதனால் கௌரவம். வாய்க்காலில் கிடைப்பதைக் கேட்டு எந்த வீட்டுக்காரரும் வந்ததில்லை. நானும் வேண்டுமா என்று கேட்டதில்லை. இந்த வருடம் ஒரு வீட்டில் கேட்டுப் பார்த்தேன், காது குத்து. “வந்தவங்க என்ன நினைப்பாங்க?” என்றார் அந்த அம்மா. எந்த ஆய்வாளரும் எழுதாத ஆறாவது விதி அது, அதில்தான் நம் ஊரில் அதிகம் அடிபடுகிறது.

உங்கள் அறைச் சண்டைக்குத் திரும்புவோம். விடுபட்டது என்றால் அதோடு முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பர்ன்ட் எண்ட்ஸ் என்று விறகு அடுப்பில் கறி சுடும் கடை ஒன்று சிங்கப்பூரில் இருக்கிறது. 2016-ல் பட்டியல் வந்தபோது எங்கள் அடுப்படியில் எல்லோரும் கேட்ட கேள்வி, அது எங்கே போயிற்று என்பதுதான். 2018-ல் கொடுத்தார்கள். நம் பெயர் வைத்த கடையும் இல்லாமல் இல்லை. பினாங்கில் பிறந்த மனோ தேவரின் ‘தேவர்’ 2022-ல் இரண்டாவது நட்சத்திரம் வாங்கியது. ஆனால் அங்கே சாப்பிட உங்கள் எட்டுப் பேருக்கும் ஆகும் செலவில் ஊரில் ஒரு காது குத்தே நடத்திவிடலாம். தேக்கா கடையில் இருக்கிற ருசியை அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அங்கேயே போய்ச் சாப்பிடுங்கள். கூட்டம் குறைவாக இருப்பது உங்களுக்கு லாபம்.

பொங்கலுக்கு லீவு கிடைத்தால் வாருங்கள். அப்பாவையும் அழைத்துக்கொண்டு நீடாமங்கலம் சாலையில் போகும்போது, ஒரு மதகுக்குப் பக்கத்தில் கீற்றுக் கொட்டகை தெரியும். போர்டு கிடையாது. ஓர் அம்மா மத்தியானம் மட்டும் சோறு போடுகிறார், நண்டு ரசம் வைப்பார், ஏதாவது ஒரு மீன் குழம்பு இருக்கும். வெள்ளிக்கிழமை கடை இல்லை. ஒரு மணிக்கு மேல் போனால் குழம்பின் அடிதான் மிஞ்சும். நத்தை இருக்கிற நாளில் அவராக இலையில் வைக்கமாட்டார். வேட்டி வெள்ளையாக இருந்தால் இருக்கிறது என்றுகூடச் சொல்லமாட்டார். நீங்கள்தான் கேட்க வேண்டும், கொஞ்சம் சத்தமாகவே கேளுங்கள்.